மிஷெலின் நட்சத்திரம் முதல் '50 பெஸ்ட்' வரை: உங்கள் 2026 ஹோட்டல் விஷ்லிஸ்ட்டை முடிவு செய்வது யார்?

வருஷக் கடைசி வந்தாலே எல்லோரும் ரெண்டு லிஸ்ட் போடுவார்கள். ஒன்று, புத்தாண்டு சபதம். அது பொங்கல் வரைக்கும் தாங்கினாலே பெரிய விஷயம். இன்னொன்று, 'அடுத்த வருஷம் எப்படியாவது போயிடணும்' என்று நினைக்கும் இடங்கள். முன்பெல்லாம் இந்த ரெண்டாவது லிஸ்ட்டில் ஊட்டி, கோவா, சிங்கப்பூர் என்று ஊர்ப் பெயர்கள் இருக்கும். இப்போது ஹோட்டல் பெயர்களும் ஏறிவிட்டன.

ரீல்ஸில் ஒரு தட்டைப் பார்க்கிறோம். சேவ் பண்ணுகிறோம். நண்பருக்கு அனுப்பி, 'இங்க போறோம்டா' என்கிறோம். சரி, உலகத்தில் லட்சக்கணக்கான ஹோட்டல்கள் இருக்கும்போது அந்த ஒரு ஹோட்டல் மட்டும் எப்படி நம் மொபைல் திரைக்கு வந்தது?

பல நேரங்களில் அதற்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலை யார் போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள், அதில் நம்ம ஊர் சாப்பாடு எங்கே இருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

டயர் விற்க வந்த நட்சத்திரம்

சாப்பாட்டு உலகின் மிகப் பெரிய கௌரவமாகக் கருதப்படும் மிஷெலின் நட்சத்திரத்தைக் கொடுப்பது ஒரு டயர் கம்பெனி. ஆமாம், வண்டிகளுக்கு டயர் செய்யும் அதே பிரான்ஸ் நாட்டு மிஷெலின்தான்.

1900-ல் பிரான்சில் கார் வைத்திருந்தவர்கள் மிகவும் குறைவு. மக்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினால்தானே டயர் தேயும், புது டயர் விற்கும்? அதற்காக ஆந்த்ரே, எதுவார் என்ற மிஷெலின் சகோதரர்கள் ஒரு சிறிய கையேட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்ற விவரங்கள் அதில் இருந்தன. 1926-ல் நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்களுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கினார்கள். பிறகு அது மூன்று நட்சத்திரம் வரை வளர்ந்தது.

இப்போதும் அந்தப் பயணக் கணக்குதான். அந்த வழியாகப் போனால் நின்று சாப்பிடலாம் என்றால் 1 நட்சத்திரம். வழியை மாற்றிக்கொண்டாவது போகலாம் என்றால் 2. அந்த ஹோட்டலுக்காகவே ஒரு பயணம் கிளம்பலாம் என்றால் 3.

தான் யார் என்று சொல்லாமல், சாதாரண வாடிக்கையாளரைப் போல வந்து, பில்லையும் கட்டிவிட்டுப் போகும் இன்ஸ்பெக்டர்கள்தான் மதிப்பெண் போடுகிறார்கள். பொருளின் தரம், சமையல் நுட்பம், சுவைகளின் பொருத்தம், சமையல்காரரின் தனித்தன்மை, எப்போது போனாலும் அதே தரம் ஆகியவைதான் கணக்கு. நாற்காலி, மேஜை, அலங்காரத்துக்கெல்லாம் நட்சத்திரம் கிடையாது என்கிறது மிஷெலின்.

இன்னொரு முக்கியமான விஷயம். நட்சத்திரம் ஹோட்டலுக்குத்தான், ஆளுக்கு இல்லை. 'மிஷெலின் ஸ்டார் செஃப்' என்று போஸ்டர் அடித்து டிக்கெட் விற்றால், எந்த ஹோட்டல், எந்த வருஷம், அவர் இப்போதும் அங்கே இருக்கிறாரா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தியாவில் ஒரு நட்சத்திரம்கூட இல்லையா?

இல்லை. இந்திய ஹோட்டல்களுக்கு மிஷெலின் கைடு இதுவரை வரவில்லை. அதனால் மும்பையோ டெல்லியோ சென்னையோ, எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் நட்சத்திரம் வாங்க வழியே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிஷெலினுக்குத் தமிழ்நாட்டிலேயே தொழிற்சாலை இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் லாரி, பஸ்களுக்கான டயர்கள் தயாராகின்றன. டயர் இங்கே உருளுகிறது, இன்ஸ்பெக்டர்தான் வரவில்லை!

காரணத்தைப் புரிந்துகொள்ள தாய்லாந்தைப் பார்க்கலாம். அங்கே கைடு வருவதற்காக அந்நாட்டுச் சுற்றுலா ஆணையம் 5 ஆண்டுகளுக்கு 14.4 கோடி பாட் தர ஒப்புக்கொண்டது. 2017-ல் பாங்காக் கைடு வெளியானது. காசு கொடுப்பதால் நட்சத்திரம் கிடைக்காது, தேர்வு தனி, பணம் தனி என்பது மிஷெலினின் விளக்கம். அப்படியே இருக்கட்டும். ஆனால் இன்ஸ்பெக்டர் எந்த ஊருக்கு வருகிறார் என்பதில் சுற்றுலாத் துறையின் பணத்துக்கும் பங்கு இருக்கிறது. ஓர் ஊரில் நட்சத்திரம் இல்லை என்பதற்கும், அங்கே நல்ல சாப்பாடு இல்லை என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

'50 பெஸ்ட்': ஓட்டு போடுவது யார்?

வருஷா வருஷம் செய்திகளில் அடிபடும் இன்னொரு பட்டியல், 'உலகின் 50 சிறந்த உணவகங்கள்'. 2002-ல் பிரிட்டனில் ஒரு பத்திரிகை தொடங்கி வைத்தது. இங்கே இன்ஸ்பெக்டர் கிடையாது, ஓட்டுதான். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் அதிகமான சமையல் கலைஞர்கள், உணவு எழுத்தாளர்கள், ஊர் ஊராகச் சென்று சாப்பிடும் ரசிகர்கள் ரகசியமாக வாக்களிக்கிறார்கள். ஒருமுறை முதலிடம் பிடித்த ஹோட்டல், 2019-ல் வந்த விதிப்படி மறுபடி போட்டியிட முடியாது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே? வாக்களிப்பவர் அங்கே போய்ச் சாப்பிட்டிருக்க வேண்டும். அப்படியானால், விமானம் அதிகம் வந்து போகும் ஊர்களுக்கும், சுற்றுலா பலமாக இருக்கும் நாடுகளுக்கும் இயல்பாகவே ஒரு சாதகம். 2025 பட்டியலில் பாங்காக் நகரத்துக்கு மட்டும் 6 இடங்கள். 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவிலிருந்து முதல் 50-ல் ஒன்றுகூட இல்லை.

2026-க்கு அதிகம் பேசப்படும் 5 இடங்கள்

1. செம்மா, நியூயார்க்: பெயரே நம்ம ஊர் 'செம'தான். 2021-ல் திறந்த இந்த உணவகம் 2022-ல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது. 2025-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட நகரின் 100 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம். அதே ஆண்டு ஜூனில், இதன் தலைமைச் சமையல்காரர் விஜயகுமாருக்கு அமெரிக்காவின் பெருமைமிக்க ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. மேடைக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்த அவருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் மாவட்டம் நத்தம்.

இங்கே அதிகம் பேசப்படும் அயிட்டம் நத்தைப் பிரட்டல். சின்ன வயதில் வயலில் நத்தை பொறுக்கிய நினைவிலிருந்து வந்த பதார்த்தம் அது. நம் கிராமங்களில் 'இல்லாதவங்க சாப்பாடு' என்று பலர் வெளியே சொல்லக் கூச்சப்பட்ட உணவு, இன்று நியூயார்க்கில் வாரக்கணக்கில் காத்திருந்து சாப்பிடும் உணவாகிவிட்டது. ஏழை சாப்பாடு, பணக்கார சாப்பாடு என்று எதுவும் இல்லை, சாப்பாடு சாப்பாடுதான் என்பதுதான் விருது மேடையில் அவர் சொன்னதன் சாரம்.

2. ஆவர்தனா, சென்னை: கிண்டியில் உள்ள ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலுக்குள் இருக்கிறது. 2025-ன் 'ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள்' பட்டியலில் 30-வது இடம். தென்னிந்தியச் சுவைகளையே வேறு வடிவத்தில் தருகிறார்கள். தெளிவாக வடித்த தக்காளி ரசம், காக்டெயில் கிளாஸில் வருவதுதான் இங்கே பிரபலம். பாஸ்போர்ட், விசா தேவையில்லை. ஆனால் பர்ஸ் கனமாக இருக்க வேண்டும்.

3. ட்ரெசிந்த் ஸ்டூடியோ, துபாய்: உலகத்திலேயே மூன்று மிஷெலின் நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய உணவகம். 2025 மே மாதம் இது அறிவிக்கப்பட்டது. சமையல்காரர் ஹிமான்ஷு சைனி. இந்தியச் சமையலுக்கு மிக உயர்ந்த அங்கீகாரம் கிடைத்தது இந்தியாவுக்கு வெளியே என்பதைக் கவனியுங்கள்.

4. தேவர், சிங்கப்பூர்: மலேசியாவின் பினாங்கில் பிறந்த மனோ தேவரின் உணவகம். தென்னிந்திய மசாலாவும் பினாங்கு நினைவுகளும் ஐரோப்பிய நுட்பமும் கலந்த சமையல். 2022-ல் இரண்டாவது நட்சத்திரம் கிடைத்தது.

5. மைதோ, லிமா: 2025-ல் உலகின் நம்பர் 1. தென் அமெரிக்க நாடான பெருவில் இருக்கிறது. 1899 முதல் அங்கே கூலி வேலைக்குக் குடியேறிய ஜப்பானியர்களின் கைப்பக்குவமும் பெரு நாட்டு மீனும் மிளகாயும் சேர்ந்து பிறந்த 'நிக்கேய்' சமையல்தான் இங்கே சிறப்பு. பிழைக்கப் போனவர்கள் கொண்டுபோன ருசி, இன்று உலகின் முதலிடத்தில்.

இந்த ஐந்தில் செம்மா, தேவர், மைதோ மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றுமே ஊரை விட்டுப் போனவர்கள் மறக்காமல் கொண்டுபோன சுவைகள். உள்ளூரில் கண்டுகொள்ளப்படாத உணவு, வெளியூர் பட்டியலில் ஏறிய பிறகுதான் நமக்கே பெருமையாகத் தெரிகிறது. அதே நத்தையை ஊரில் ஒருவர் கொட்டகைக் கடையில் விற்றால், நம்மில் எத்தனை பேர் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம்?

பட்டியலில் ஏறினால் என்ன ஆகும்?

சிங்கப்பூர் சைனாடவுனில் சோயா சாஸ் கோழிச் சோறு விற்ற ஒரு சின்னக் கடைக்கு 2016-ல் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. சில டாலருக்குச் சாப்பாடு போடும் கடை ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றது. பல நாடுகளில் கிளைகள் முளைத்தன. 2021-ல் நட்சத்திரம் போய்விட்டது.

பாங்காக்கில் கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு, கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் போடும் ஜெய் ஃபாய் பாட்டிக்கும் நட்சத்திரம் கிடைத்தது. படம் எடுக்க வந்த கூட்டத்தைப் பார்த்து, 'இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா' என்றே தோன்றியதாக அவர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 5 முறை உலகின் நம்பர் 1 ஆன டென்மார்க்கின் நோமா, பல ஆண்டுகள் சம்பளம் இல்லாத பயிற்சியாளர்களை வைத்துத்தான் சமையலறையை ஓட்டியது. 2022 அக்டோபரில் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில், வழக்கமான உணவகத்தை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. இந்த முறையில் தொடர்ந்து நடத்துவது கட்டுப்படியாகாது என்று அதன் நிறுவனரே ஒப்புக்கொண்டார். தட்டில் வைக்கும் ஒரு பூவுக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது, அதற்குக் கூலி போகிறதா என்பதை எந்த நட்சத்திரமும் சொல்வதில்லை.

போகத்தான் போறீங்களா? இதைக் கவனியுங்கள்

* பிரபலமான இடங்களில் டேபிள் புக்கிங் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில்தான் திறக்கும். முதலில் டேபிளை உறுதி செய்துவிட்டு, அப்புறம் விமான டிக்கெட் போடுங்கள். மாற்றிச் செய்தால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

* முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கும் இடங்கள் உண்டு. கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

* இத்தகைய இடங்களில் பெரும்பாலும் மெனு கார்டு பார்த்து ஆர்டர் பண்ண முடியாது. அவர்கள் தருவதுதான் வரிசையாக வரும். சைவம் என்றாலோ, எந்தப் பொருளாவது ஒத்துக்கொள்ளாது என்றாலோ புக்கிங்கிலேயே சொல்லிவிட வேண்டும்.

* அமெரிக்காவில் பில் தொகைக்கு மேல் 20 சதவீதம் வரை டிப்ஸ் வைப்பது வழக்கம். பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

* இந்தியாவில் சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட இந்த வழிகாட்டுதலை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. கட்டாயப்படுத்தினால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

கடைசியாக ஒரு கேள்வி

பட்டியல்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவை முழுசாகவும் சொல்வதில்லை. யாரோ போன ஊர்களில், யாரோ சாப்பிட்டதில், யாரோ ஒருவருக்குப் பிடித்தது என்ன என்பதை மட்டும்தான் சொல்கின்றன. மதுரையில் ராத்திரி பதினோரு மணிக்குக் கல்லில் வேகும் கறி தோசைக்கும், விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கும், நாகையில் ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் வைத்துப் பரிமாறும் மீன் குழம்புக்கும் ஓட்டுப் போட அங்கே யாரும் வரவில்லை.

அதனால் 2026 விஷ்லிஸ்ட்டில் நியூயார்க்கையும் துபாயையும் தாராளமாகச் சேருங்கள். கூடவே, உங்கள் ஊரிலேயே இத்தனை நாள் கடந்து போய், ஒரு தடவைகூட உள்ளே நுழையாத ஒரு மெஸ்ஸின் பெயரையும் சேருங்கள். அதற்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. நீங்கள்தான் போக வேண்டும்.