காய்ச்சல் போச்சு.. அசதின்னு விட்டுடலாமா?

முதல்லயே டிஸ்கி: நான் டாக்டர் இல்ல மக்களே. ஊர்ல பாக்குறதையும் படிச்சதையும் வச்சுப் பொலம்புறேன், அவ்ளோதான்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை வந்தா டெங்கு பேச்சுதான். "பிளேட்லெட் எவ்ளோ?"ன்னு டீக்கடையில கூட கேக்குறாங்க. நிலவேம்பு, பப்பாளி இலைச் சாறு எல்லாம் ஜோரா நடக்குது. நாடி நிமிஷத்துக்கு எத்தனைன்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல. சூடு எறங்குனதும் கரும்பு வெட்டவோ நடவுக்கோ கெளம்பிடணும். படபடப்பு, தலைசுத்தல்னு சொன்னா, "காய்ச்சல் அசதி, இளநி குடி"ன்னு முடிச்சிடுறோம்.

டெங்கு விட்டதும் நாடி 60க்குக் கீழ எறங்குறது சகஜம். பெரும்பாலும் சில நாள்ல தானா சரியாகிடும், பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா சிலருக்கு, வைரசாலயும் அதை எதிர்த்து நம்ம உடம்பு போடுற சண்டையாலயும் இதயத் தசையே வீங்கிடுது. மயோகார்டைட்டிஸ்ம்பாங்க. இதயத்தைத் துடிக்க வைக்கிற மின்சாரமும் அந்தத் தசைக்குள்ளதான் ஓடுது. அங்க கோளாறுன்னா துடிப்பு தாறுமாறா ஓடும், இல்ல ஹார்ட் பிளாக் ஆகும். ரத்தக்குழாய் அடைப்பு வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. டெங்குன்னு இல்ல, ஃப்ளூ, கொரோனாவுக்கும் இதே கதைதான்.

இதுல நம்மாளுங்க மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற அசித்ரோமைசின் வேற! வைரஸ் காய்ச்சலுக்கு அதால பிரயோசனமே இல்ல. அது இதயத் துடிப்பைக் கெடுக்கலாம்னு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2013லயே எச்சரிச்சாச்சு. வாந்தி, பேதியில பொட்டாசியம் கொறஞ்ச ஒடம்புன்னா ஆபத்து இன்னும் ஜாஸ்தி. 2020ல கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் இதையும் சேத்து முழுங்குனவங்க எத்தனை பேர்.. என்னத்த சொல்ல.

காய்ச்சலுக்கப்புறம் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, விடாத படபடப்பு இருந்தா ஒரு ஈ.சி.ஜி. எடுத்தே ஆகணும்ங்கிறது என் கட்சி. அஞ்சு நிமிஷ வேலை. திண்டிவனம் ரோட்டுல முண்டியம்பாக்கத்துல 2010ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு. வீட்டுக்கு அனுப்புறப்போ எழுதித் தர்ற சீட்டுல பிளேட்லெட் மாதிரி நாடியையும் கொட்டையா எழுதி, "இதுக்குக் கீழ போனா வா"ன்னு சொல்லி அனுப்பணும்.

மயோகார்டைட்டிஸ்தான்னு உறுதியானா 3ல இருந்து 6 மாசம் கடினமா வேலை செய்யக்கூடாதுன்னு சொல்றதுதான் வழக்கம். சரியான பேச்சுதான். கரும்பு வெட்டுற ஆள் அந்த ஆறு மாசம் சோத்துக்கு என்ன பண்ணுவான்னுதான் எந்தச் சீட்டுலயும் எழுதறதில்ல.