போராட்டம் முடிந்த மறுநாள்

வன்கொடுமை நடந்த காலனிக்கு முதல் மூன்று நாள்கள் எல்லாரும் போகிறோம். கொடி கட்டிய கார்கள் வருகின்றன. மறியல் நடக்கிறது. ஒருவழியாக முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. நான்காம் நாள் அங்கே மிஞ்சுவது அடிபட்ட குடும்பமும், அவர்களுக்குக் கூலி கொடுக்கும் ஊரும்தான்.

அதன் பிறகு நடப்பது நமக்குப் பழகிய கதை. முதலில் எதிர்வழக்கு வரும். அடிபட்டவரின் மகன் மீதே ஏதாவது ஒரு புகார். அடுத்து நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். கடையில் கடன் நின்றுபோகும். கடைசியாக நம் தெருப் பெரியவர் ஒருவரையே பிடித்து அனுப்புவார்கள். "ஏம்ப்பா, இந்த ஊர்லதான பொழைக்கணும்? கோர்ட்டுக்கு அலைய ஒனக்கு ஏது தெம்பு?" என்பார் அவர். அந்தப் பெரியவர் கெட்டவர் அல்லர். கேள்வியும் நியாயமானதுதான். பதில் சொல்ல வேண்டிய நாம் அந்த நேரத்தில் அங்கே இருப்பதில்லை.

அந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. கிராமங்களில் இன்னும் 'பிசிஆர் கேஸ்' என்று சொல்லப்படும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. குற்றவாளியைத் தண்டிக்கும் சட்டம் என்ற அளவில் அதைப் பலரும் அறிவார்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதில் 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் உள்ள உரிமைகளைச் சொல்லும் பிரிவு அது. அவர்களுக்குப் பாதுகாப்பு தர வேண்டும், விசாரணைக் காலம் முழுக்கப் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் தர வேண்டும், தேவைப்பட்டால் வேறு இடத்தில் குடியமர்த்த வேண்டும். மிரட்டல் வந்தால் அதையும் புகாராகப் பதிய வேண்டும். சட்ட விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாட்சி சொல்ல வரும் நாளுக்கான படி, அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்கிறது. நீதிமன்ற வாசலில் நாங்கள் விசாரித்தவரை, இந்தப் படியைக் கையில் வாங்கிய சாட்சியைப் பார்ப்பது அரிது. கேட்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர்களும் சொல்வதில்லை.

நிவாரணமும் அப்படித்தான். மத்திய அரசின் 2016 விதிகளின்படி, குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை உண்டு. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்திய வழக்கு என்றால் ஒரு லட்சம். அதில் கால் பங்கு முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே தர வேண்டியது. குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் பாதி. தண்டனை கிடைத்த பிறகு மீதிக் கால் பங்கு. ஏழு நாள்களுக்குள் நிவாரணம் தர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். சாதிச் சான்று இல்லை என்று ஆதிதிராவிடர் நலத்துறைக் கோப்பு மாதக் கணக்கில் கிடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கூட ஒருவர் தாலுகா அலுவலகம் போயிருந்தால் தீர்ந்திருக்கும் சிக்கல் அது.

காவல் நிலையத்தில் சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்து, "விசாரிச்சிட்டுச் சொல்றோம்" என்று அனுப்பினால் நம்பித் திரும்ப வேண்டாம். வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018-இல் வந்த 18ஏ பிரிவு சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாரைப் படித்துக் காட்டிவிட்டே கையெழுத்து வாங்க வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். விசாரிப்பவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகைக்குக் கெடு 60 நாள்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புகார் எழுதும் வேலை பெரும்பாலும் தெருவில் படித்த பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. தமிழ் படித்த நாங்களும் ஒரு காலத்தில் அழகாகப் புகார் எழுதினோம். "தகாத வார்த்தைகளால் இழிவுபடுத்தினார்" என்று நாகரிகமாக எழுதினோம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன வார்த்தை?" வாய் கூசினாலும், சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுத வேண்டும். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்ததா என்பதும் இந்தப் பிரிவில் முக்கியம். டீக்கடை வாசலா, பஸ் நிறுத்தமா, அப்போது யார் யார் நின்றார்கள் என்பதெல்லாம் முதல் புகாரிலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்தால் ஜோடிப்பு என்பார்கள்.

ஜாமீன் மனு வரும் நாளையும் விட்டுவிடக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும், அவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்கிறது 15ஏ. ராஜஸ்தான் கொலை வழக்கு ஒன்றில் இது நடக்காமலே ஜாமீன் கொடுக்கப்பட்டது. கொல்லப்பட்டவரின் உடன்பிறந்தவர் உச்ச நீதிமன்றம் போனார். தகவல் தருவது கட்டாயம் என்று சொல்லி, 2021 அக்டோபரில் நீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்தது.

தனியாக நின்று வென்றவர்கள் இல்லாமல் இல்லை. 2015-இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கில் சாட்சிகள் அடுத்தடுத்துப் பிறழ்ந்தார்கள். அவருடைய தாய் விடவில்லை. வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஏழு வருடம் வாய்தாவுக்கு அலைந்த அந்தத் தாயைப் புகழ்ந்து மேடையில் பேசுகிறோம். எல்லாத் தாய்க்கும் அந்தத் தெம்பு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நம் சோம்பலுக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சாக்கு.

தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வக்கீல் ஆகியோரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் உரிமையையும் 15ஏ தருகிறது. ஆகவே கூடப் போகிறவரை "நீ யாருய்யா?" என்று வெளியே நிறுத்த முடியாது. ஆட்சியர் தலைமையிலான விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நம் வழக்கு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மனுக் கொடுத்துக் கேட்கலாம். 14566 என்ற கட்டணமில்லா எண்ணிலும் புகார் சொல்லலாம்.

எங்கள் பகுதியில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். வாய்தா தேதி, போக வேண்டிய சாட்சி, கூடப் போகிறவர் என்று மூன்று பத்திகள். முதல் இரண்டும் நிரம்பியிருக்கின்றன. மூன்றாவதில் இன்னும் நிறைய வெற்றிடம் இருக்கிறது.