"மேப் போட்டு வாங்க!"

வெளியூரிலிருந்து கார் ஓட்டி வருபவர் வழி கேட்டால், "மேப் போட்டு வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறோம். இதற்குப் பெயர் உதவியா? சுத்தமான கைகழுவல்!

சில வருஷங்களுக்கு முன் என் மச்சினர் மகன் கும்பகோணத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தான். தி.நகரில் ஓட்டல் ரூம். சென்னையில் அன்றுதான் முதல்முறையாகக் கார் ஓட்டினான். பல்லாவரத்திலிருந்து போன். "மாமா, ரெண்டு பக்கமும் பஸ் உரசுது, கை நடுங்குது." கல்யாண வீட்டில் ஒரே சிரிப்பு. "இதுக்கா பயம்?"

பயப்படாமல் என்ன செய்வான்? அடுத்து கத்திப்பாரா. 2008-ல் அந்தப் பாலம் திறந்தபோது, வலப்பக்கம் போக இடப்பக்கம் வளைய வேண்டும் என்பது புரியாமல் நாமே திண்டாடவில்லையா? பதற்றத்தில் அவன் அங்கே சட்டென்று பிரேக் போட்டிருந்தால், பின்னால் வரும் பஸ் சிரிக்காது.

"ஓரமா நிறுத்திட்டு அங்கேயே இருப்பா" என்றேன். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினேன். 1931 முதல் ஓடும் ரயில், அரைமணிக்குள் பல்லாவரம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டி, சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம், நந்தனம் சிக்னலில் இடப்பக்கம் என்று ஒவ்வொன்றாக, முன்கூட்டியே சொன்னேன். ஓட்டியது அவன்தான். ஓட்டல் வாசலில் இறங்கியபோது சட்டை முழுக்க வேர்வை, முகத்தில் சிரிப்பு.

போக முடியாதவர்கள், "தாம்பரத்தில் காரை விட்டுட்டு ரயிலில் வா" என்றாவது சொல்லுங்கள். ரிடையர் ஆன நமக்கு ஒரு மணி நேரம்கூடவா இல்லை?