அசல் பட்டை அறிவது எவ்வாறு?

மகளின் திருமணத்திற்கெனச் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்துடன் காஞ்சிபுரம் செல்லும் பெற்றோரே, பளபளப்பைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். பாவிலிருந்தும் ஊடையிலிருந்தும் ஓரிழை பெற்று, தனித்தனியே எரித்துப் பாருங்கள். பட்டாயின் முடி கருகும் வாடை வீசும். சாம்பல் விரலிடையே பொடியாகும். பாலியெஸ்டரோ உருகிக் கெட்டியான மணியாகும்.

வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றிப் பொன்முலாம் பூசுவதே சரிகை மரபு. மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியவேண்டும். வெள்ளை நூலெனில் ஐயுறுங்கள்.

2004-ஆம் ஆண்டு அறிமுகமான ‘சில்க் மார்க்’ முத்திரை பட்டிற்கே சான்று, சரிகைக்கு அன்று. ஆதலால் வெள்ளி, பொன் அளவை ரசீதில் எழுதித் தரக் கேளுங்கள். போலி விலைபோகும்போது குறைவது உங்கள் சேமிப்பு மட்டுமன்று, தறியில் அமர்ந்திருப்பவரின் கூலியுமே.