விடைக்கும் ஒரு ‘பார்வை’ வேண்டும்

சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் மாறியது எந்த ஆண்டில்? அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் எவரும் இந்த வினாவை ஒருமுறையாவது சந்தித்திருப்பார். கீழே 1956, 1967, 1968, 1969 என்று நான்கு விடைகள் இருந்தால் சிக்கல் தொடங்கிவிடும். அண்ணா முதல்வராக இருந்தபோது பெயர் மாற்றத் தீர்மானம் சட்டப்பேரவையில் நிறைவேறியது 1967 ஜூலை 18 அன்று. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது 1968இல். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில். நான்கில் 1956 மட்டுமே பெயர் மாற்றத்தோடு ஒட்டாது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலமாக எல்லைகள் திருத்தப்பட்டன. பெயர் பழைய பெயராகவே இருந்தது.

ஆக, மூன்று ஆண்டுகளுக்கு ஆதாரம் இருக்கிறது. எது சரி என்பதை, வினாவில் தீர்மானம் என்று இருக்கிறதா, சட்டம் என்று இருக்கிறதா, நடைமுறைக்கு வந்த நாள் என்று இருக்கிறதா என்பதே முடிவு செய்யும். ஒன் லைனர் கையேட்டில் இதற்கெல்லாம் இடமில்லை. ‘தமிழ்நாடு பெயர் மாற்றம் – 1969’ என்று ஒரு வரி. அடுத்த வரியில் மாநில விலங்கு. ‘தமிழ்நாடு நாள்’ எது என்பதும் இப்படித்தான். 2019இல் அன்றைய அரசு நவம்பர் 1 என்றது. 2021இல் அடுத்து வந்த அரசு ஜூலை 18 என்றது. எந்தக் கையேடு எந்த ஆண்டில் அச்சானதோ, அதைப் படித்தவருக்கு அந்த விடை.

பொது அறிவுப் பயிற்சி என்று இங்கே நடப்பதில் பெரும்பகுதி, பிறந்த இடம் தெரியாத விடைகளைச் சேர்த்து வைப்பதுதான். இதற்குத் தேர்வர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வினாத்தாள் எப்படியோ, படிப்பும் அப்படியே. மாற்றம் வர வேண்டுமென்றால், அது தேர்வர்களின் நோட்டில் தொடங்குவதோடு தேர்வாணையத்தின் விடைக்குறிப்பிலும் தொடங்க வேண்டும்.

போட்டியின் அளவைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்பது புரியும். 2024 ஜூன் 9 அன்று டிஎன்பிஎஸ்சி நடத்திய குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கை வெளியானபோது சொல்லப்பட்ட காலியிடங்கள் 6,244. மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். தமிழுக்கு 100 வினாக்கள், திறனறிவுக்கு 25. மீதி 75 பொது அறிவு. ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். கட் ஆஃப் விளிம்பில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் அந்த ஒன்றரை மதிப்பெண் ஒருவரின் பெயரைப் பட்டியலுக்குள் வைக்கும் அல்லது வெளியே தள்ளும். ஓ.எம்.ஆர் தாளில் ‘விடை தெரியவில்லை’ என்பதற்குக்கூட ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. இரண்டு விடை சரியாகத் தெரிகிறதே என்று திகைப்பவருக்குத்தான் வட்டம் இல்லை.

அப்படித் திகைத்தவர் தேர்வு முடிந்த பிறகு என்ன செய்யலாம்? தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஏழு நாட்களுக்குள் ஆன்லைனில் முறையீடு செய்யலாம். அங்கேதான் ஒரு வேடிக்கை. முறையீட்டுக்குச் சான்று வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, பக்க எண் என எல்லாவற்றையும் தர வேண்டும். இணையதளம் என்றால் அது அரசின் அதிகாரபூர்வத் தளமாக இருக்க வேண்டும். கைடு, பயிற்சி மையம் தந்த நோட்ஸ் எதுவும் சான்றாக ஏற்கப்படாது. ஓராண்டு முழுக்க எதை வைத்து உருப்போட்டாரோ, அந்தப் புத்தகம் அவசரத்துக்கு உதவுவதே இல்லை. அதில் படித்த விடை எந்த மூலத்திலிருந்து வந்தது என்று அப்போதுதான் தேட ஆரம்பிக்கிறார். ஏழு நாள் போதுவதில்லை.

தேர்வாணையம் வைத்திருக்கும் இந்த விதி சரியான விதி. கைடில் இருப்பதையெல்லாம் சான்றாக ஏற்றால் தேர்வுக்கு ஒரு தரம் இருக்காது. ஆனால் விதி ஒரு பக்கம்தான் ஓடுகிறது. மறுப்பவர் பக்க எண்ணோடு வர வேண்டும். விடைக்குறிப்போ, வினா எண்ணையும் சரியான விடையையும் மட்டும் காட்டிவிட்டு நிற்கிறது. எந்த நூலை வைத்து அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பது தேர்வரின் கண்ணில் படுவதில்லை.

விடைக்குறிப்பு தவறாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி 1983இலேயே உச்சநீதிமன்றத்துக்குப் போனது. உத்தரப்பிரதேசத்தின் மருத்துவ நுழைவுத் தேர்வு தொடர்பான கான்பூர் பல்கலைக்கழக வழக்கு அது. மாணவர்கள் பாடநூல்களைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறினார்கள். விடைக்குறிப்பு சரியென்றே முதலில் கொள்ள வேண்டும், ஆனால் அது தவறென்று ஐயமற நிரூபணமானால் மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். வினாவை அமைப்பவர் தரும் விடையை மறுபரிசீலனை செய்ய ஓர் ஏற்பாடு வேண்டும், வினாக்களில் குழப்பத்துக்கு இடம் இருக்கக் கூடாது என்றும் அறிவுறுத்தியது. 2017இல் ரண் விஜய் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் கயிற்றை இன்னும் இறுக்கியது. ஐயம் எழுந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே, தேர்வருக்கு அல்ல என்றது. நீதிமன்றக் கதவு இவ்வளவு குறுகிய பிறகு, விடைக்குறிப்பு வெளியாகும் இடத்திலேயே தெளிவு இருந்தாக வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கல், பொது அறிவு கெட்டுப்போகும் சரக்கு என்பது. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தபோது மாநிலங்கள் 29 ஆயின. 2019 அக்டோபர் 31 அன்று ஜம்மு காஷ்மீர் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாகப் பிரிந்தபோது மாநிலங்கள் 28 ஆகக் குறைந்தன. ஒன்றியப் பிரதேசங்கள் 7லிருந்து 9 ஆயின. மூன்றே மாதத்தில், 2020 ஜனவரி 26 அன்று தாத்ரா நாகர் ஹவேலியும் டாமன் டையூவும் இணைக்கப்பட்டதால் 9 என்பது 8 ஆனது. தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 2019இன் தொடக்கம் வரை 32. கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எனப் பெருகி, மயிலாடுதுறையோடு 38 ஆயின. ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002 முதல் இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டுக்குக் கோடியக்கரை ஒன்றுதான். 2022இல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், கரிக்கிலி என்று சேரத் தொடங்கி, 2025இல் அந்த எண் 20ஐத் தொட்டது.

இவற்றில் எதையும் ‘எத்தனை?’ என்று மட்டும் குறித்து வைத்தால் பயனில்லை. எந்த நாள் நிலவரப்படி என்பதும் சேர்ந்தால்தான் அது விடை. பழைய வினாத்தாள் தொகுப்புகளில் இது பெரிய பொறி. வினா 2015இல் கேட்கப்பட்டது, விடை அன்றைக்குச் சரி, புத்தகம் மட்டும் ஆண்டுதோறும் புது அட்டையோடு வருகிறது.

நினைவாற்றலே வேண்டாம் என்று சொல்லும் பேச்சல்ல இது. ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிகிறது. அங்கே அரைகுறை நினைவு ஆபத்து. டிஎன்பிஎஸ்சியில் அப்படிக் கழிப்பதில்லை என்றாலும் ‘கூற்று – காரணம்’ வகை வினாவில் கூற்று தெரிந்து காரணம் தெரியாதவர் தடுமாறுவார். கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை என்று ஒரு தெரிவு எப்போதும் இருக்கும். துண்டு துண்டாகப் படித்தவரைப் பிடிக்கவே வைத்த கண்ணி அது.

மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். ‘கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு 1934’ என்பது ஒரு வரி. அதையே கொஞ்சம் இழுத்துப் பார்த்தால், மைசூர் அரசும் சென்னை மாகாணமும் 1924இல் செய்துகொண்ட ஒப்பந்தம் வருகிறது. அதற்குப் பின்னால்தான் அணை. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குறுவைக்காக ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது வழக்கம்; தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் தேதி தள்ளிப்போகும், டெல்டாவில் நாற்று விடுவதும் தள்ளிப்போகும். ஒப்பந்தத்தை ஒட்டிய தகராறு முற்றி 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் 192 டி.எம்.சி. விட வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. அதே ஆண்டில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது.

இப்போது 1924, 1934, 1990, 2007, 2018 என்ற ஐந்து ஆண்டுகளையும் தனித்தனியாக உருப்போட வேண்டிய அவசியமில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது கூடவே வரும். வரலாறு, புவியியல், அரசமைப்பு, நடப்பு நிகழ்வு என்று பாடத்திட்டம் நான்காகப் பிரித்து வைத்திருப்பது ஓர் ஆற்றின் கரையில் ஒன்றாகக் கிடக்கிறது.

கிராமத்திலிருந்து வருபவருக்கு இதற்கெல்லாம் நேரமும் பணமும் ஏது என்று கேட்கலாம். பகலில் கடையில் நின்றுவிட்டு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பவருக்கு ஒன் லைனர்தான் கைக்கு எட்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. நேரம் விஷயத்தில் அது உண்மை. பணம் விஷயத்தில் நேர்மாறு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டப்பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே அரசுத் தளத்தில் கிடக்கிறது. ஒரு நலத்திட்டம் எப்போது தொடங்கியது, யாருக்குப் பொருந்தும், எவ்வளவு ஒதுக்கீடு என்பதற்கு அதைவிட நம்பகமான நோட்ஸ் எங்கும் விற்பனைக்கு இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இப்போது தேர்வர்களின் இரண்டாவது வீடுகள்.

நோட்டில் செய்ய வேண்டிய மாற்றமும் சிறியதுதான். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் போதும். எங்கே படித்தது, எந்த நாள் நிலவரம். ‘மாவட்டங்கள் 38’ என்பதற்குப் பக்கத்தில் எதுவும் எழுத முடியவில்லை என்றால், அது இன்னும் படித்து முடித்த தகவல் ஆகவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றதும் 2005 என்று எழுதும் கை, பக்கத்தில் ‘மத்தியச் சட்டம்’ என்று குறித்தால் போதும். தமிழ்நாடு 1997இலேயே தனக்கென ஒரு சட்டம் இயற்றி மாநிலங்களில் முந்திக்கொண்டது என்பதும் அடுத்த வரியில் வந்து உட்காரும்.

இந்தப் பழக்கம் தேர்வோடு போய்விடுவதும் இல்லை. குரூப் 4இல் தேறுபவர் இளநிலை உதவியாளராகவோ தட்டச்சராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ போய் உட்காருவார். அங்கே அவர் எழுதப்போகும் முதல் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர் முடிந்ததும் ‘பொருள்’ என்று ஒரு தலைப்பு வரும். அதற்குக் கீழே ‘பார்வை’. எந்த அரசாணை, என்ன எண், என்ன நாள், எந்த அலுவலகத்தின் எந்தக் கடிதம் என்று வரிசை எண் போட்டு அங்கே எழுத வேண்டும். ‘பார்வை ஒன்றில் காணும் கடிதத்தின்படி’ என்றுதான் விஷயமே ஆரம்பிக்கும். பார்வை இல்லாத குறிப்பை மேசைக்கு அனுப்பினால், கண்காணிப்பாளர் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். ஆதாரத்தைச் சுட்டாமல் ஒரு வாக்கியமும் எழுத விடாத வேலை அது. அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வின் விடைக்குறிப்பில் மட்டும் பார்வை இல்லை.

வினாவை அமைப்பவர் ஏதோ ஒரு நூலைப் பார்த்துத்தான் விடையைக் குறிக்கிறார். அந்த நூலின் பெயரையும் பக்கத்தையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்வதில் கூடுதல் செலவில்லை. ரகசியம் போய்விடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல், இத்தனையாவது பக்கம் என்று வெளியிடுவதால் வினாவை அமைத்தவர் யார் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நல்ல நூல்கள் முரண்பட்டால்? அந்த முரண்பாடு வினாத்தாள் அச்சாகும் முன்பே கண்ணில் படும். லட்சக்கணக்கானோர் எழுதி முடித்த பிறகு வழக்காக வராது.

1929இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய தேர்வாணையம்தான் இந்தியாவில் மாகாண அளவில் முதலாவது. இப்படியொரு ஏற்பாட்டையும் முதலில் கொண்டுவரும் தகுதி அதன் வாரிசான டிஎன்பிஎஸ்சிக்கு உண்டு. எல்லாத் தேர்வுக்கும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. அடுத்த குரூப் 4 இறுதி விடைக்குறிப்பில், பொது அறிவுப் பகுதியின் 75 வினாக்களுக்கு மட்டும் வினா எண், விடை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தியைச் சேர்த்து நூல், பதிப்பு, பக்கம் ஆகியவற்றை வெளியிடட்டும். பயிற்சி மையங்கள் அந்த நூல்களை நோக்கித் தங்கள் பாடத்தைத் தாமாகவே திருப்பிக்கொள்ளும்.