சிறு வாசலின் பெருங்கதை

வாசகர்கள் எழுதும் கடிதங்களுள் சில நம்மைப் புன்னகை செய்விக்கும். சில திண்டாட வைக்கும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்த கடிதம் ஒன்று இவ்வாரம் வந்து சேர்ந்தது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. தம் பிள்ளை ஓயாமல் உச்சரிக்கும் ‘விக்கெட்’ என்னும் ஆங்கிலப் பதத்தின் பொருளை அறிய அவர் அகராதியைப் புரட்டினாராம். அங்கே ‘சிறு கதவு’ என்றிருந்ததாம். கிரிக்கெட் மைதானத்தில் கதவுக்கு என்ன வேலை என்று கேட்கிறார். மேலும், விக்கெட்டை ‘எடுப்பது’ பெருமையா, ‘வைத்திருப்பது’ பெருமையா என்றும் வினவுகிறார். நியாயமான கேள்விதான்.

முதலில் அகராதிக்காக ஒரு வார்த்தை பேசுவோம். அது பொய் சொல்லவில்லை. வட பிரான்சின் பழைய பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற இப்பதத்துக்குச் சிறு வாயில் என்பதே ஆதிப் பொருள். கோட்டையின் பெருங்கதவைத் திறவாமலே ஆள் நுழைந்து செல்வதற்காக அமைத்த சிறு வழியை நம் முன்னோர் ‘திட்டிவாசல்’ என்றனர். அதுவேதான் விக்கெட். கானடா தேசத்தில் சீட்டு விற்கும் ஜன்னலையும் இப்பெயரால் அழைப்பதுண்டு.

ஆதியில் கிரிக்கெட் ஆடியவர்கள் இரண்டே கோல்களை நட்டு, அவற்றின்மேல் குறுக்காக ஒரு சிறு கட்டையை வைத்தார்கள். அது சிறு வாசல்போலத் தோன்றியபடியால் பெயரும் பொருந்திற்று. ஆனால் வாசலென்றால் நடுவே இடைவெளி உண்டல்லவா? 1775-ஆம் வருஷம் லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில் லம்பி ஸ்டீவன்ஸ் என்பவர் ஜான் ஸ்மால் என்பவருக்குப் பந்து வீசினார். பந்து மும்முறை கோல்களின் நடுவே புகுந்து சென்றது, மேற்கட்டையோ அசையவில்லை. ஆகவே ஸ்மால் ஆட்டமிழக்கவில்லை. குறி தவறாமல் எறிந்தவனுக்கு இது அநீதி என்று பலரும் கருதவே, நடுவில் மூன்றாவது கோலை நிறுத்தும் வழக்கம் ஏற்பட்டது. இன்று மூன்று கோல்களும் இரண்டு மேற்கட்டைகளும் சேர்ந்து 28 அங்குல உயரமும் 9 அங்குல அகலமும் உடையவை. வாசல் அடைபட்டுவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

பெயர் நிலைத்ததோடு நின்றதா? ஊர் சுற்றவும் புறப்பட்டது. இரு முனைகளிலுமுள்ள விக்கெட்டுகளுக்கு இடைப்பட்ட 22 கெஜ நிலத்தையும் பேச்சு வழக்கில் விக்கெட் என்றே அழைக்கலாயினர். மழையில் நனைந்து வெயிலில் காயும் தரையில் பந்து தாறுமாறாக எழும்பும். அதனால் இக்கட்டில் மாட்டிக்கொண்டவனை, அவன் மட்டையையே தொட்டறியாதவனானாலும், ‘ஸ்டிக்கி விக்கெட்’டில் நிற்கிறான் என்று ஆங்கிலேயர் சொல்வார்கள்.

பிறகு அப்பதம் மனிதனையே குறிக்கத் தொடங்கிற்று. 1952-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் வினு மன்கட் 8 விக்கெட் எடுத்தார். அவர் கோல்களைப் பிடுங்கிச் செல்லவில்லை. எட்டுப் பேரை ஆட்டமிழக்கச் செய்தார் என்பதே பொருள்.

அதே மன்கட்டும் பங்கஜ் ராயும் 1956-இல் சென்னையிலேயே நியூஜிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தனர். 52 ஆண்டுகள் எவராலும் மிஞ்ச முடியாதிருந்த சாதனை அது. இங்கே விக்கெட் என்பது விழுந்ததைக் குறிக்கவில்லை. விழாமல் நின்ற காலத்தைக் குறிக்கிறது.

இனி, 2011-இல் பம்பாயில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கையை இந்தியா 6 விக்கெட்டுகளால் வென்றது. பத்தில் நான்கு போய், ஆறு கையில் மிஞ்சியிருந்தன என்பது கருத்து. ஆக, அம்மையாரின் வினாவுக்கு விடை இது: பந்து வீசுபவனுக்கு எடுப்பது பெருமை, மட்டை பிடிப்பவனுக்கு வைத்திருப்பது பெருமை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாசலைக் காத்து நிற்பவன் மட்டைக்காரன். ‘விக்கெட் கீப்பர்’ என்று பெயர் பெற்றவனோ அது இடிந்தால் குதூகலிக்கும் எதிர்க்கட்சிக்காரன்!

இப்படிப்பட்ட பதத்தைத் தமிழில் எவ்வாறு சொல்வது? ‘இலக்கு’ என்று எழுதுவோர் உளர். கோல்களைக் குறிக்கையில் அது அழகாகவே பொருந்துகிறது. ஆனால் ‘முதல் இலக்குக்கு 413’ என்று படிக்கும் புதியவர், 413-ஐ எட்டுவதே இலக்கு என்று மயங்கக்கூடும். ஒரு பொருளுக்குத் தக்க சொல் நான்கு பொருளுக்கும் தக்கதாகிவிடாது. நம் வீட்டுப் பிள்ளைகளோ விக்கெட் ‘விழுந்தது’, ‘எடுத்தான்’, ‘சாய்த்தான்’, ‘கையிலிருக்கிறது’ என்று வெவ்வேறு தமிழ் வினைகளைச் சேர்த்து, எப்பொருள் என்பதை ஐயமற விளக்கிவிடுகிறார்கள். பெயர் அந்நியமானாலும் அதை ஆட்டி வைக்கும் வினை நம்முடையது. அத்தகைய விருந்தாளியை வெளியேற்றுவதில் நமக்கு ஆர்வமில்லை.

ஆனால் ஒன்று. பந்து, மட்டை, ஓட்டம் என்று நம்மிடம் சொல் இருக்கும்போது அவற்றையும் ஆங்கிலத்திலேயே சொல்லித் திரிவது வெறும் சோம்பல். இலங்கைத் தமிழர் துடுப்பாட்டம், களத்தடுப்பு என்று கூச்சமின்றி எழுதுகிறார்கள். ஆட்டத்தின் சுவை அதனால் குன்றிவிடவில்லை. இரவல் வாங்குவது குற்றமன்று. வீட்டிலிருப்பதை மறந்துவிட்டு இரவல் வாங்குவதே குற்றம்.

கடிதம் எழுதிய அம்மையார் இன்று மாலை தம் பிள்ளையிடம் திட்டிவாசல் என்றால் என்னவென்று கேட்டுப் பார்க்கட்டும். அவன் விழிப்பானானால், இம்முறை விக்கெட் அம்மாவுக்கே!