துண்டுக்குள்ளே நம்ம மாட்டு விலையா?

 

கருங்கல்பாளையம், பொள்ளாச்சி, மணப்பாறை, எந்தச் சந்தைக்குப் போனாலும் இந்தக் கூத்துதான். துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள் தரகர்கள். மாட்டுக்காரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைப் பார்த்து நிற்கிறான். வாங்குறவன் கொடுத்தது எவ்வளவு, நம்ம கைக்கு வந்தது எவ்வளவு? கேட்டால், "அதெல்லாம் சந்தை வழக்கம்ணே!" தரகு மட்டும் இரண்டு பக்கமும்!

கணக்குப் போடுங்கள். கலப்பின மாடு ஒரு ஈத்துக்கு ஏறக்குறைய 300 நாள் கறக்கும். சராசரி 7 லிட்டர் என்றால் 2,100 லிட்டர். 2022 நவம்பரில் ஆவினுக்கு அரசு அறிவித்த 35 ரூபாயில் பார்த்தாலே 73,500 ரூபாய். தீவனம், வைத்தியம் என்று பெரும்பகுதி போகும், மறைக்கவில்லை. ஆனால் கன்று இருக்கு, சாணி இருக்கு, இன்னும் இரண்டு மூணு ஈத்து பாக்கி இருக்கு. இதையெல்லாம் எந்த விரல் எண்ணுது?

சித்திரையில் தட்டு தீர்ந்ததும், வைகாசியில் பள்ளிக்கூடப் பணம் கட்டணும் என்றதும் மாட்டை ஓட்டுகிறோம். நம்ம அவசரம் தரகருக்குத் தெரியும். "கடை சேர்ந்துபோச்சு, ஒரு காம்பு மந்தம்" என்று ஆரம்பிப்பார்.

வாங்குபவரை வீட்டுக்கே வரச்சொல்லுங்கள். இரண்டு வேளையும் கண் முன்னே கறந்து அளந்து காட்டுங்கள். சொசைட்டி பால் அட்டையை எடுத்து வையுங்கள். நம்மிலும் சிலர் ஒரு வேளை கறக்காமல் மடியைப் பெருக்கி ஓட்டி வருகிறோமே, அதையும் விடணும். அப்புறம் எந்த முகத்தோடு தரகரைக் கேட்பது?

சந்தை நிர்வாகமே! சுங்கம் வாங்கத் தெரியுதல்லவா? விலையை வாய்விட்டுச் சொல்ல வை! சீட்டில் எழுதிக் கொடு! துண்டை எடு!